கிழக்கு ஓரம், மூன்றடி

போன மாதம் வீட்டுப் பத்திரத்தை எடுத்து முழுசாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். புல்தரை, நாலைந்து ரோஜா, ஓரத்தில் குரோட்டன்ஸ். புல்தரைக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு தடம் — பின் வீட்டு வசந்தா குடும்பம் நடந்து நடந்து உண்டாக்கியது. மெயின் ரோட்டுக்கு அதுதான் அவர்களுக்குக் குறுக்கு வழி. இல்லையென்றால் தெருவையே சுற்ற வேண்டும்.

நாங்கள் வீடு வாங்கி மூன்று வருடம். அந்தத் தடத்தில் மட்டும் புல் முளைக்கவே இல்லை. கோபம் வருமா, வராதா?

பத்திரம் என்ன சொன்னது தெரியுமா? பின் வீட்டாருக்கு நடை பாத்தியம், அதாவது எங்கள் தோட்டம் வழியாக நடந்து போகும் உரிமை, உண்டு. ஆனால் கிழக்கு ஓரமாக, மூன்றடி அகலத்தில். நடுவில் என்று எங்கேயும் இல்லை. லாட்டரி அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய் வசந்தாவிடம் நீட்டினேன். அவளும் கணவரும் வீட்டிலேயே பட்டுத் தறி போட்டிருப்பவர்கள். தறியை விட்டு எழாமலே படித்தாள்.

"சரிக்கா. சட்டம்னா சட்டம்தான். இனிமே ஓரமாவே போறோம்."

இவ்வளவு சுலபமாகவா? அந்தத் தெம்பில் தோட்டத்து கேட்டுக்கு ஒரு பூட்டும் வாங்கினேன். காலை ஆறு மணிக்குத்தான் திறப்பேன்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று... கிழக்கு ஓரத்தில்தான் என் சமையலறை ஜன்னல்.

மறுநாளே ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே வசந்தாவின் முகம். "என்னாக்கா, இன்னிக்கும் உப்புமாவா?"

அடுத்த நாள், பாவு நூல் சுற்றிய நீளமான கழியைக் கணவனும் மனைவியுமாகத் தோளில் சுமந்து வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மூலையில் அது திரும்பவில்லை. முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, கால் மணி நேரம் ஜன்னலடியிலேயே நின்றார்கள். அந்த நேரம் பார்த்தா எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை வர வேண்டும்? அவர் அக்கா வீட்டு வளைகாப்புக்கு வர மாட்டேன் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

கழியை இறக்காமலே வசந்தா சொன்னாள்: "அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்குதுக்கா. போயிட்டுதான் வாங்களேன்."

வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு நானே அவள் வீட்டுப் படியேறினேன்.

"வசந்தா, பழையபடி நடுவுலயே போயிடேன்."

"பத்திரத்துல கிழக்கு ஓரம்னுதானேக்கா போட்டிருக்குது?" சிரிக்காமல் கேட்டாள். கணவர்தான் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

தறியை நிறுத்தினாள். "அந்தப் பூட்டை எடுத்துடுங்கக்கா. காயத்ரிக்கு கம்பெனி பஸ் அஞ்சே முக்காலுக்கு. நீங்க ஆறு மணிக்குத்தான் தொறக்குறீங்க. பத்து நாளா எம் பொண்ணு இருட்டுல தெருவ சுத்தி ஓடிக்கினு இருக்குது. நாய்ங்க வேற தொரத்துது. முந்தாநேத்து விழுந்து முட்டியெல்லாம் சிராய்ச்சிபோச்சி."

ஆறு மணி வரை தூங்குகிற எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க காகிதத்தோட வந்தீங்க. காகிதத்துக்கிட்ட என்னன்னு சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் பூட்டைக் கழற்றினேன். குற்ற உணர்ச்சி அதோடு விடவில்லை. பழைய தடத்திலேயே சிமென்ட் பலகைகளைப் பதிக்க வைத்தேன். அந்தப் பெண் இருட்டில் தடுக்கி விழக் கூடாதே என்று ஒரு விளக்கும் போட்டேன். காயத்ரி முதல் நாள் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். போனில் யாருடனோ பேசிக்கொண்டு, நிதானமாக நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் வசந்தா பார்வையிட வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"நல்லா இருக்குதுக்கா. இந்த ரோஜாச் செடிக்கிட்டதான் கொஞ்சம் வளையுது. பாவுக் கழி திரும்பாது."

நேற்று ரோஜாவைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டுவிட்டேன்.

தோட்டம் என்னுடையதுதான்... அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.