கூரை என்று சொல்லக்கூடாத கித்தான்

எங்கள் வாசலில் ஆத்தா கித்தான் கட்டியதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். திமிர்தான். இல்லையென்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் யாரிடம் காட்டிய திமிர், எதற்காகக் காட்டிய திமிர் என்று ஒன்றும் தெரியாமல் பேசுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கித்தானுக்கு விலையாகப் போனது நான் வளர்த்த கிடாய்க்குட்டி. ஆகவே அதைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்குப் பாத்தியதை அதிகம்.

மலைமேல் பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் வேதக்காரர்கள் ஊர். ஐயாவின் பாட்டனார் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் எங்களுடையது. ஆத்தா மட்டும் கூடலூர்க்காரி. சாதி ஒன்றுதான், சாமிதான் வேறு. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று எங்கள் ஐயாவைக் கட்டிக்கொண்டாள், வேதத்திலும் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், அதாவது என் தாய்மாமன், கூடலூரில் நாலு பேர் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாராம்: "செத்தாலும் அவ கூரைக்குக் கீழ நிக்க மாட்டேன்."

மாமா வண்டிக்காரர். அணை வேலைக்குச் சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போவார். அப்படிச் சத்தியம் செய்த மனிதர் எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவரோ ஒவ்வொரு நடைக்கும் வந்தார். வண்டியை எங்கள் வாசலுக்கு நேராக நிறுத்துவார். கூரையின் இறவாணத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தைக் கண்ணாலேயே அளந்து, அதற்கு ஒரு சாண் வெளியே நின்றுகொள்வார். ஆத்தாளோடு பேசமாட்டார். மாட்டோடு பேசுவார்.

"ஏன் மயிலை, இந்த வீட்டுப் புள்ளைக்கு இருமல் நின்னுச்சாமா?"

ஆத்தா நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு கதவுக்குப் பதில் சொல்வாள். "ஏ கதவே, இருமல் நின்னுபோச்சு, இப்பச் சளிதான் கெடக்குன்னு மயிலைகிட்டச் சொல்லு."

இப்படி ஒரு மாடும் ஒரு கதவும் பேசியே எங்கள் குடும்பத்து நல்லது கெட்டதெல்லாம் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தது. மாமாவின் சத்தியத்தை ஆத்தா வக்கீல் கணக்காக வரிவரியாகப் படித்து வைத்திருந்தாள். கூரை என்றுதான் அதில் இருக்கிறதே தவிர, சோறு தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே சுக்குத்தண்ணி வைத்து என் கையில் கொடுத்து அனுப்புவாள். மாமா மறுக்காமல் வாங்கிக் குடிப்பார். மழை நாளாக இருந்தால் செம்பில் பாதிக்குமேல் மழைத்தண்ணீர்தான் இருக்கும். அதையும் குடிப்பார்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் வந்து நிற்கிறபோதெல்லாம் தெருவே வேடிக்கை பார்க்கும். "கூடப் பெறந்தவரே உள்ள கால் வைக்க மாட்டேங்கிறாக, அப்ப எப்பேர்ப்பட்ட வீடா இருக்கும்" என்று என் காதுபடப் பேசினார்கள். அவர் எங்களை அவமானப்படுத்தத்தான் வேலைமெனக்கெட்டு வருகிறார் என்று நான் நம்பினேன். ஒருநாள் சுக்குத்தண்ணியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு, "மயிலை, இந்த வீட்டுல உப்புக்குப் பஞ்சமில்ல" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வருசம் ஆனி பிறந்ததுமே குமுளிக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டது. மலைக்குப் போன ஆட்களெல்லாம் காய்ச்சலோடு திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. மாமாவும் ஒருநாள் குளிர்காய்ச்சலோடு வந்து நின்றார். கம்பளியைப் போர்த்தியிருந்தார், கம்பளி நனைந்து தொங்கியது. செம்பை வாங்கிய கை ஆடின ஆட்டத்தில் சுக்குத்தண்ணி பாதி தரையில் போய்விட்டது. ஆத்தா அன்றைக்குக் கதவை மறந்துவிட்டாள். "உள்ள வந்துட்டுப் போனா என்ன கொறஞ்சா போகும்" என்று நேராகவே கேட்டாள். மாமா பல் கிட்டிப்போன வாயால், "மயிலை, சொன்ன சொல்லு சொன்னதுதானே" என்றார். வண்டியில் ஏறுவதற்குள் இரண்டு தடவை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் ஆத்தா ஐயாவைக் கூப்பிட்டு, "வாசலுக்கு முன்னால நெழலுக்கு ஒண்ணு போடணும்" என்றாள். அந்த மனிதர் செத்தாலும் சத்தியத்தை விடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். விடாமலே செத்துப்போவார் என்ற பயம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. இதை அவள் வாயால் சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்ன காரணம், சாரல் உள்ளே அடிக்கிறது என்பதுதான்.

ஐயா சாதுவான மனிதர். இருக்கிற கூரையோடு சேர்த்து இரண்டு கீற்றை இறக்கிச் சாய்ப்பு வைத்துவிடலாம், ஒரு பொழுது வேலை என்றார். ஆத்தா வேண்டாம் என்றாள். எங்களோடு இருந்த அத்தை, ஐயாவின் அக்காள், பங்குச் சாமியார் வீட்டு வாசலில் இருப்பதுபோல ஓடு போட்டால் பார்வையாக இருக்கும் என்றாள். அதுவும் வேண்டாம். மூங்கில் தட்டி என்று ஐயா சொன்னதும் ஆத்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். அடுப்படியில் அவள் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "கீத்துக்கூரை. ஓட்டுக்கூரை. தட்டிக்கூரை. தகரக்கூரை." ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். ஆத்தாளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். திடீரென்று, "கித்தான்" என்றாள். இன்னொரு தடவை, "கித்தான்கூரை" என்று சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தையை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முகம் மலர்ந்து எழுந்தாள்.

மலையடிவாரத்துக் கேம்பில் துரைமாரின் கித்தான் கூடாரங்கள் இருந்தன. பொத்தல் விழுந்த கூடாரங்களைக் கழித்துப் போட்டிருப்பதாக வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஐயா போய் விசாரித்ததில், அவற்றுக்குக் காவலாக இருந்த துரை வீட்டுச் சமையல்காரன் காசு வேண்டாம், ஆடு இருந்தால் கொண்டுவா என்றானாம். என் கிடாய்க்குட்டி அப்படித்தான் போனது. மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தேன். ஆத்தா மசியவில்லை. "ஆடு இன்னொண்ணு பெறக்கும்" என்று மட்டும் சொன்னாள். எது பிறக்காது என்று நான் கேட்கவில்லை, எனக்கு அவ்வளவு கோபம்.

வந்து சேர்ந்த கித்தான் அழுக்கு வெள்ளை நிறத்தில், பூசணம் பிடித்து, ஓரத்தில் பித்தளை வளையங்களோடு இருந்தது. ஐயா அதன் ஒரு ஓரத்தைக் கூரைச் சட்டத்தோடு கட்டப் போனார். ஆத்தா பறந்து வந்து தடுத்தாள். கித்தான் கூரையைத் தொடவே கூடாதாம். இறவாணத்துக்கு வெளியே நாலு கம்பு தனியாக நட்டு, அதன்மேல் கட்ட வேண்டுமாம். அப்படியானால் கூரைக்கும் கித்தானுக்கும் நடுவே இருக்கிற சந்தில் இறவாணத்துத் தண்ணீர் நேராக வாசலில் கொட்டுமே என்றார் ஐயா. "கொட்டட்டும்" என்றாள் ஆத்தா.

"சாரல் அடிக்குதுன்னுதானே போடச் சொன்ன?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன்."

ஐயா இறவாணத்துக்கு வெளியே குழி தோண்ட ஆரம்பித்தார். எங்கள் ஐயாவுக்குப் புரிந்துபோயிற்று என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கித்தான் ஏறின அன்றைக்கே எங்கள் வேதக்கோயில் நாட்டாமை வந்துவிட்டார். சப்பரம் போகிற தெருவில் கம்பு நட்டால் என்ன அர்த்தம், துரைசானி வீட்டு வாசலென்று நினைப்பா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது. ஆத்தா இடுப்பில் சொருகிய முந்தானையை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"சப்பரம் வர்ற அன்னைக்குச் சுருட்டிக்கிருவேன். கம்பையும் பிடுங்கிக்கிருவேன். இப்ப உங்க தலையில இடிக்குதாங்கய்யா?"

"இடிக்கல."

"அப்பப் போயிட்டு வாங்க."

அவர் போய்விட்டார். எனக்கு அன்றைக்குத்தான் ஆத்தாமேல் இருந்த கோபம் பாதி தீர்ந்தது.

ஆடி பிறந்து மாமா வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார், காய்ச்சல் விட்டபாடில்லை. நல்ல சாரல், மேற்கேயிருந்து காற்று வேறு. வண்டியை விட்டு இறங்கியவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் கித்தானைப் பார்த்துத் திகைத்தார்.

"மயிலை, இது என்னமாம்?"

"கித்தான்னு சொல்லு கதவே" என்றாள் ஆத்தா. "கம்பு மேல நிக்குது. வீட்டைத் தொடல. வேணும்னா கையை விட்டுப் பாத்துக்கிறட்டும்."

மாமா உண்மையிலேயே போய்ச் சந்தில் கையை விட்டுப் பார்த்தார். இறவாணத்துத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. பிறகு கித்தானுக்குக் கீழே வந்து நின்றார். அவர் தலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆத்தா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

அத்தைக்குப் பொறுக்குமா? உள்ளேயிருந்து வந்து, எதிர்வீடு வரை கேட்கிற குரலில் சிரித்துக்கொண்டே, "எப்படியோ எங்க கூரைக்குக் கீழ வந்து நின்னுட்டீக" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மாமா மழையில் இறங்கிவிட்டார்.

ஆத்தா விறுவிறுவென்று வெளியே வந்தாள். முன்கம்பு இரண்டிலும் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள், கித்தானைப் பாயைப்போலச் சுருட்டிப் பின்கம்போடு சேர்த்து வைத்தாள். மழை அவள் தலையில் நேராக விழுந்தது. தெருவே அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கூரை எங்கன இருக்கு மதினி? காட்டுங்க."

அத்தை அண்ணாந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது.

"எந்த ஊருல கூரையைச் சுருட்டுவாக? அங்கன நிக்கிற எல்லாரும் சொல்லுங்க, இது கூரையா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இல்லைல்ல. அப்ப இனிமே யாரும் அந்த வார்த்தையை இதுக்குச் சொல்லாதீக."

சொல்லிவிட்டுக் கித்தானைத் திரும்ப விரித்தாள். விரிக்கும்போது காற்று உள்ளே புகுந்துகொண்டது. ஐயா நட்ட முன்கம்பு ஒன்று ஈர மண்ணோடு பிடுங்கிக்கொண்டு சாய, ஆத்தாளையும் சேர்த்து இழுத்தது. மாமா ஒரே எட்டில் பாய்ந்து கம்பைப் பிடித்தார்.

"பிடி தாயி, விட்டுறாத" என்றார்.

மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து, காய்ச்சல் உடம்போடு குழியை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். கம்பை இறக்கி, சுற்றிலும் கல் போட்டுக் கெட்டித்தார். தம் வண்டிக் கயிற்றை அறுத்துக் கித்தானை இழுத்துக் கட்டினார். ஆடிக் காற்று அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தது, அந்த முடிச்சு அவிழவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கித்தான், என் ஆட்டுக்கு வாங்கியது, அதில் இவருக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

ஆத்தா உள்ளே போய் ஒரு துண்டு மஞ்சளை உரசிக்கொண்டு வந்தாள். மாமா நட்ட அந்தக் கம்பில் மட்டும், நடுவிலிருந்து கீழ்வரை, நிதானமாகப் பூசினாள். அத்தை விடவில்லை.

"வெறுங்கம்புக்கு மஞ்சளா? இது என்ன அஞ்ஞானம்?"

"கரையானுக்கு மதினி" என்றாள் ஆத்தா.

மாமா அந்தப் பக்கம் திரும்பி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். மாட்டோடும் ஒன்றும் பேசவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். கடைசி வரைக்கும் எங்கள் நிலைப்படியைத் தாண்டவில்லை, சத்தியத்தையும் விடவில்லை. ஆனால் கித்தானுக்குக் கீழே நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு சோறும் தின்றார். தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன்தான் பந்தக்கால் நட வேண்டும், அதற்கு மஞ்சள் பூச வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். வேதக்காரர் வீட்டிலும் அதுதான். எத்தனையோ கல்யாண வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஆத்தாளுக்கு மட்டும் அதைச் செய்ய ஆள் வரவில்லை. அன்றைக்கு மழையில், வயிற்றெரிச்சலோடு நின்றுகொண்டு, என் கண் முன்னாலேயே அது நடந்து முடிந்தது எனக்குத் தெரியவில்லை.

கரையானுக்கு என்றாள், நம்பிவிட்டேன். மறுநாள் மிச்ச மஞ்சளை எடுத்துக் குழைத்து, ஐயா நட்ட மற்ற மூன்று கம்புகளுக்கும் பூசிக்கொண்டிருந்தேன். ஆத்தா வந்து பார்த்தாள். மஞ்சளை வீணடித்ததற்கு அடிதான் விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அவள் என் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு, "இதுகளுக்கு வேண்டாம்த்தா" என்றாள். "இதுகளுக்குக் கரையான் வராது."