மப்ளருக்குள் ஒரு பயிற்சி

காது கேளாத பிள்ளைகளுக்கு உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்பிப்பது எப்படி? இதை ஆசிரியர்களான எங்களுக்குச் சொல்லித்தர கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஓர் அதிகாரி வந்தார். குளிருக்குப் பயந்து, வாயை மப்ளரால் மூடிக்கொண்டே பேசினார்.

மாதிரிக்காக, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து படிக்கும் காது கேளாத செல்வியை முன்னால் நிறுத்தி, "உன் பேர் என்ன?" என்றார். அவள் விழித்தாள்.

"இவளுக்குப் படிப்பு ஏறாது. தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அந்த மப்ளர்..." என்று எழுந்தேன்.

"கேள்வியெல்லாம் கடைசியிலதான், மாஸ்டர்!"

விதி அப்படித்தான், உட்கார்ந்தேன். செல்விக்கு அந்த விதி தெரியாது. நேரே போய் மப்ளரைக் கீழே இழுத்துவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பிள்ளை நீ!" என்று கத்தினார்.

"செல்வி" என்றாள்.

அதன்பிறகும் அவள் எங்களிடமே படித்தாள். பயிற்சி பெற்றேன் என்று எனக்குக் கொடுத்த சான்றிதழில் அந்த அதிகாரியின் கையெழுத்துதான் இருக்கிறது.