சாரிக்குள் ஒளித்த கால்

அரசாங்க வேலைக்காக இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டியவர்கள் எத்தனையோ பேர். இருந்த தகுதியை மறைத்து, கைக்கு வந்த வேலையைத் தொலைக்கப் பார்த்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அந்தத் தகுதி என் வலது கால்.

இரண்டு வயதில் போலியோ வந்து சூம்பிப்போன கால் அது. இலங்கை மலையகத்தில், எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தேன். முதுகில் கூடையும் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயரும் இருந்தால்தான் அங்கே ஒரு பெண்ணை ஆளாக மதிப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று மலையேற முடியாத எனக்கு இரண்டும் இல்லை. படிப்பு மட்டும் வந்தது. வேறு வேலை இல்லாததால் வந்த படிப்பு என்று அம்மா சொல்லுவாள். அதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கெட்டிக்காரி.

அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். என்மேல் உயிரையே வைத்திருந்தார். என் காலைத்தான் அவரால் ஊருக்குக் காட்ட முடியவில்லை. என்னைப் பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் அவர்கள் வருவதற்கு முன்பே என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சாரியைத் தரைவரை விரித்துவிட்டார். தேத்தண்ணித் தட்டைச் சித்தி மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு முறையும் குட்டு உடைந்தது. மறைத்தால் காரியம் கெடும் என்று இதிலிருந்து அப்பா கற்றுக்கொண்டிருக்கலாம். அவரோ, இன்னும் நன்றாக மறைத்திருக்க வேண்டும் என்றுதான் கற்றுக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் எழுதுவினைஞர், அதாவது கிளாக்கு, வேலைக்கான சோதனைக்கு விண்ணப்பம் போட்டேன். அரசாங்க வேலைகளில் ஒரு பங்கை உடல் ஊனமுள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் அரசாங்கச் சுற்றுநிருபம் வந்திருந்த காலம் அது. விண்ணப்பத்தில் ‘உடல் ஊனம் உண்டா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஆம்’ என்று எழுதினேன்; வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சோதனையில் தேறினேன். நேர்முகத் தேர்விலும் எடுபட்டேன். வைத்தியச் சான்றிதழ் கொண்டு வந்தால் நியமனக் கடிதம் தருவதாகத் தபாலில் செய்தி வந்தது.

அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. “இம்புட்டுத் தூரம் வந்தாச்சு பாப்பா. டொக்டர் காலப் பாத்தாருன்னா ஒம் பேர வெட்டி விட்டுருவாரு” என்றார்.

நானும் மறுக்கவில்லை. அந்த ‘ஆம்’ என்ற பதிலால்தான் இடம் கிடைத்தது என்று எனக்கு அப்போது தெரியாது. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே டொக்டரிடம் அனுப்புகிறார்கள், அவரிடம் போய்க் காலைக் காட்டுவதா என்றுதான் எனக்கும் தோன்றியது. முதல் பஸ்ஸில் போய், ஆஸ்பத்திரியில் யாரும் வருவதற்கு முன்பே டொக்டரின் மேசைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். கைத்தடியை அப்பா சாக்குப் பையில் சுற்றி வெளியே வைத்துக்கொண்டார். டொக்டர் கண் பார்த்தார், நெஞ்சு பார்த்தார், பிரஷர் பார்த்தார். நிறுக்கும் மெஷின் ஓரெட்டுத் தூரத்தில் இருந்தது. மேசையைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, ராணி மாதிரி ஏறி இறங்கினேன். வெளியே நூறு பேர் நின்றார்கள். அவருக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லை. உடலில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று அப்பா லயம் முழுவதற்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தார்.

பூந்தி தீர்ந்து சில நாளில், நியமனம் தரும் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனோம். என் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்துப் பழக்கமில்லாத முகம்.

“பிள்ளை, இந்த இடம் உடம்பு ஏலாத ஆக்களுக்கெண்டு ஒதுக்கினது. டொக்டர் உமக்கு ஒரு குறையும் இல்லையெண்டு எழுதியிருக்கிறார். பிறகு நான் எப்பிடி உம்மை எடுக்கிறது?”

அப்பா பதறிப்போனார். “ஐயா, காலு சரியில்லீங்க. ரெண்டு வயசுல காச்சல் வந்து...”

“அதை ஏன் டொக்டருக்குச் சொல்லேல்லை?”

அப்பா தரையைப் பார்த்தார். “மறைச்சிட்டோம் ஐயா” என்று நான் சொன்னேன். சொல்லும்போது முகமெல்லாம் எரிந்தது. வாழ்நாள் முழுக்க நான் நொண்டி என்பதால் கிடைக்காமல் போனவை பல. நொண்டி இல்லை என்பதால் ஒன்று கை நழுவப் போவது அதுதான் முதல் தடவை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இல்லாத நோய் வருத்தத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு வாற ஆக்களோட மாரடிச்சே நான் களைச்சுப் போனன். நீங்கள் அதுக்கு மேல!” என்றார். பிறகு குரலை இறக்கி விளக்கமாகச் சொன்னார். இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும். ஒன்று, ஊனம் இருக்கிறது. மற்றது, அந்த ஊனம் இந்த வேலைக்குத் தடையில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சுற்றுநிருபத்தின் சிங்களப் பிரதி ஒன்றை எடுத்து, ஒரு பந்தியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு என் கையில் தந்தார். “நல்லா வாசிச்சிட்டுப் போம். இது அவையள் போடுற பிச்சை இல்லை, சட்டம்.”

அன்று புதன்கிழமை.

வியாழன் காலை மறுபடி ஆஸ்பத்திரி. பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டதால் பிந்திப் போனோம். வரிசையின் கடைசியில் நின்றேன். இந்த முறை சாரியைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டியிருந்தேன். கைத்தடி கையில் இருந்தது. உள்ளே கூப்பிட்டதும் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே போய் நின்றேன். டொக்டர் காலைப் பார்த்தார், பழைய சான்றிதழைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

“அன்னைக்கி இந்தக் காலு எங்க இருந்திச்சு?”

“சாரிக்குள்ள இருந்திச்சு டொக்டர்.”

“என்னைய ஏமாத்துனியா?”

“ஆமா டொக்டர். கால் தெரிஞ்சா வேலை கெடைக்காதுன்னு நெனைச்சோம். இப்ப கால் தெரிஞ்சாத்தான் வேலை.”

அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஊனம் என்று எழுதித் தருகிறேன், ஆனால் அதற்குப் பிறகு வேலைக்குத் தகுதி என்று எப்படி எழுதுவது, இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம் என்றார். சிவப்புக் கோடு போட்ட பந்தியை நீட்டினேன். வாங்கவில்லை. நானே உரக்க வாசித்தேன்.

“கடிதம் எழுதுறது கையால டொக்டர். யோசிக்கிறது தலையால. கால் மேசைக்கு அடியில சும்மாதானே கெடக்கும், எல்லாருக்கும்?”

அவர் தன் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஆனால் பார்க்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. பேனாவை மூடினார். “வெளிய வராந்தாக் கடைசில மருந்து குடுக்கிற ஜன்னல் இருக்கு. அதுவரைக்கும் போயிட்டு வா” என்றார்.

அது நீண்ட நடை. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் நோயாளிகள். ஒவ்வொரு தலையும் திரும்பியது. அதுவரை நான் மனிதர்கள் நடுவே அப்படி நடந்ததே இல்லை. சுவரோரமாக, கூட்டம் போன பிறகு, அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறேன். முதல் பத்து அடியில் செத்துப்போகலாம் போல இருந்தது. பாதித் தூரத்தில் கோபம் வந்தது. பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தடியை இன்னும் பலமாக ஊன்றினேன். ஜன்னலைத் தொட்டுத் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அரசாங்கமே என் காலுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது!

நான் திரும்பி வந்தபோது டொக்டர் அந்தப் பந்தியை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரே தாளில் இரண்டையும் எழுதினார். வலது கால் போலியோவால் ஊனமுற்றது. எழுதுவினைஞர் கடமைக்கு எவ்விதத் தடையும் இல்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வெளியே அப்பா சாக்குப் பையோடு நின்றார். தாளைக் காட்டினேன். சிங்களம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். முதல் வரிக்கு முகம் சுருங்கியது. இரண்டாவது வரிக்கு அழுதார். அந்தத் தாளோடு நேரே அலுவலகம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர் வாசித்து, ஃபைலில் குத்தி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அப்போது லேசாகச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எல்கடுவ பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. எப்போதும் அப்பா என்னைக் கம்பியோரம் நிறுத்தி, முன்னால் நின்று மறைத்துக்கொள்வார். அன்று கொண்டக்டரைப் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“தம்பி, எம்மகளுக்குக் கால் ஏலாதுப்பா! திங்கக்கெழமையில இருந்து கவர்மெண்ட் கிளாக்கு! ஒரு சீட்டு குடு!”

எழும்பி இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் அவர் வாயை மூடவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை, பஸ் நின்ற ஒவ்வொரு ஹோல்ட்டிலும் புதிதாக ஏறியவர்களுக்கெல்லாம் என் காலைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.