உச்சி வெயிலில் நின்ற மின்விசிறி

எங்கள் வீட்டு மாடியில் சோலார் தகடுகளை மாட்டியபோது நான் ஆறாம் வகுப்பு. அன்றைக்கே எனக்குச் சனி பிடித்தது. நெய்வேலியில் எதை வெளியே வைத்தாலும் கரித்தூசி படியும். தூசி இருந்தால் தகட்டில் வெயில் இறங்காது என்று அப்பா தினமும் காலையில் ஈரத்துணியோடு என்னை மாடிக்கு விரட்டினார்.

அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் மட்டும் சூரியனுக்கு ஏஜெண்ட். தகட்டில் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும், சுவரில் இருக்கும் பெட்டி அதை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும், மிஞ்சியது தெருக் கம்பிக்குப் போகும், மண்ணைத் தோண்ட வேண்டாம், புகை கிடையாது என்று பால்காரரைக்கூட விடாமல் பாடம் எடுப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அதே சுரங்கத்தில் இருந்த மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "நாம வெட்டுற கரியிலதான் ஊரே எரிஞ்சிக்கினு இருக்குது மச்சான். நீ இன்னாடான்னா கண்ணாடிய மாட்டிக்கினு கெடக்குற."

"ஒரு நாளு கரண்ட்டு போவட்டும், வந்து பாரு" என்றார் அப்பா.

அந்த நாளும் வந்தது. தெருக்கம்பத்தில் வேலை, பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்றார்கள். மாமா செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போகுமுன் இரண்டு நண்பர்களோடு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார். தெருவில் மின்சாரம் நின்றது. எங்கள் மின்விசிறியும் நின்றது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

"சூரியனுக்கு இன்னிக்கு வீக்லி ஆஃபா மச்சான்?" என்று மாமா கேட்க, கூடமே சிரித்தது. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. என் பக்கம் திரும்பினார்.

"காலையில தொடச்சியா?"

"தொடச்சேம்பா."

பொய். அன்றைக்கென்று பார்த்துத் துடைக்கவில்லை. அப்பா மாடிக்கு ஓடி, கொதிக்கும் தகடுகளைத் தன் துண்டாலேயே துடைத்தார். கீழே வந்து பெட்டியைத் தட்டினார். அது அசையவே இல்லை. அவமானத்தை விட, அது என்னால் வந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் மாடிக்கு ஓடிப்போய், தனியாக நின்று அழுதேன். கம்பத்தின் மேலிருந்த லைன்மேன், "பாப்பா, குடிக்கத் தண்ணி இருந்தா கொண்டாம்மா" என்றார். எல்லாம் இந்த ஆளால் வந்த வினை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு மட்டுமாவது மின்சாரம் வந்துவிட வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

தெருவில் மின்சாரம் நின்றால் பெட்டியும் தானாக நின்றுவிடும், அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாட்ட வந்தவர் அப்பாவிடம் சொல்லியிருப்பார். அப்பா யாரைப் பேசவிட்டார்? என் வேண்டுதல் பலித்திருந்தால் எங்கள் மாடி மின்சாரம் நேராக அந்தக் கம்பிக்குப் போயிருக்கும். தண்ணீர் கேட்டவர் அதைத்தான் கையில் பிடித்திருந்தார்.