டோன்கா பொய் நிழல் போடமாட்டாள்

டோன்கா என்ற பெயரை நான் முதலில் கேட்டதே வசவோடுதான். என் வீட்டுக்காரரின் தாய்மாமா அவளிடம் போய் உட்கார்ந்து தன்னை வரையச் சொல்லியிருந்தார். "மூக்குமேல இருக்கற மருவ விட்டுடும்மான்னு கெஞ்சினேன். பாவி, மொதல்ல மருவத்தான் வரைஞ்சிருக்கா!" என்று தீவு முழுக்கக் கத்திக்கொண்டு வந்தார். ஆனாலும் படத்தைக் கூடத்தில்தான் மாட்டினார்.

டோன்கா ஆளைப் பார்த்துத்தான் வரைவாள். புகைப்படத்தை நீட்டினால் வாங்கமாட்டாள். உட்கார வந்தவர் நுழைந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை அங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். தூரிகையைத் தலைமுடியில் துடைப்பாள். நரைத்த முடியில் எப்போதும் ஒரு பக்கம் நீலமோ பச்சையோ இருக்கும். வாயில் ரொட்டித் துண்டு ஊறிக்கொண்டிருக்கும். அதோடேயே திட்டுவாள்.

என் ஓரகத்தி மாரேவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. குளிர்காலத்துக்குள் முழுக்கப் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தன் பிள்ளைகள் ஃப்ரானேயையும் யேரேயையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அப்பா விட்டுப்போன படகைத் தம்பியைக் கேட்காமல் ஃப்ரானே விற்றதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மாதா திருவிழாவில் யேரே கத்தியே எடுத்திருக்கிறான். அம்மா முன்னால் சேர்ந்து நிற்கவும் மறுத்தார்கள். படம் என்றால் தனித்தனியாக உட்காரலாமே என்றுதான் தலையாட்டினார்கள்.

"ஒரு நாள் இவன், மறுநாள் அவன். நீ சேத்து வரைஞ்சுடு" என்று டோன்காவிடம் சொன்னேன்.

"அண்ணன் நெழல் தம்பி மேல விழும்டி. நான் பாக்காத நெழல எப்படி வரைவேன்? பொய்யா போட்டா பெத்தவ கண்டுபிடிச்சுடுவா. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

அழுது கெஞ்சிக் கூட்டிப் போனேன். டோன்கா கதவைப் பூட்டினாள். காலை வெயிலில் ஜன்னலோரம் இருந்த ஃப்ரானேயின் நிழல் யேரேயின் தோளில் விழுந்தது. சேறு பட்டதுபோல யேரே தோளை இழுத்துக்கொண்டான்.

"அசையாதடா!"

"இவன் நெழல் எம்மேல படணுமா? சித்தி, கதவத் தொறக்கச் சொல்லு!" என்று எழுந்தான். வண்ணம் சுரண்டும் கத்தி மேசையில் கிடந்தது. அவன் கை அதன் பக்கம் போனது. ஃப்ரானேயும் எழுந்துவிட்டான்.

டோன்கா சாவியை எடுத்துக் கத்திக்குப் பக்கத்தில் எறிந்தாள். "போறதுன்னா போ. காலி நாற்காலிய வரையறேன். ஒங்கம்மா கடைசியா அதப் பாக்கட்டும்."

யேரே கத்தியையும் எடுக்கவில்லை, சாவியையும் எடுக்கவில்லை. உட்கார்ந்தான். அப்புறம்தான் ஃப்ரானேயும் உட்கார்ந்தான்.

வெயில் ஏற ஏற நிழல் சுருங்கி யேரேயின் தோளைவிட்டு இறங்கியது. "நெழல் போயிடுச்சு. நாளைக்கு வாங்க" என்றாள் டோன்கா.

"நாளைக்கு இவன் வருவானா?" ஃப்ரானே சுவரைப் பார்த்துக் கேட்டான்.

யேரே நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்து அண்ணன் பக்கம் போட்டு உட்கார்ந்தான். நிழல் மறுபடி அவன் தோளில் ஏறியது.

"ம்" என்றாள் டோன்கா. தூரிகையை எடுத்தாள்.

கண் இருக்கும்போதே மாரே படத்தைப் பார்த்தாள். மூக்கு இடிக்கக் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் விரல் அந்தத் தோளில்தான் வெகுநேரம் நின்றது.

டோன்கா இப்போதும் துறைமுகத்துக்கு மேலே அதே வீட்டில்தான் இருக்கிறாள்.