இம்பாலாவுக்கு நான் வலக்கண்

போன வாரம் வேலம்பாளையத்தில் ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட்டுவிட்டு நின்றிருந்தேன். மெக்கானிக் கையளவு பனியன் வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைத்து கார்பரேட்டரைத் துடைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தேடியது. அகப்பட்டது மெக்கானிக்கின் காது.

"ஏனுங்க, நெஞ்சு வலிங்களா?"

"இல்லீங்க, இம்பாலாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். முதலாளி எஸ். சென்னியப்பன். அவரிடம் இருந்ததுதான் இந்த இம்பாலா, அமெரிக்கக் கார். சிக்னல் பச்சையானதும் பக்கத்து வண்டியை முந்திப் பாய்வதற்கென்றே அந்த ஊரில் பெற்றெடுத்த ரகம். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, பின்னால் பக்கத்துக்கு மூன்று வட்ட விளக்கு. கப்பலில் மதராஸுக்குக் கொண்டுவந்த வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். வாங்கிய கோயமுத்தூர் மில்காரர், அது பெட்ரோல் குடிக்கிற குடியைப் பார்த்து எங்கள் முதலாளி தலையில் கட்டினார். வண்டியின் உடம்பில் 'எஸ்.எஸ்.' என்று பொறித்திருந்தது. வேக ரகம் என்பதற்கு அடையாளமாம். முதலாளி அதைத் தன் இனிஷியல் என்றே கடைசிவரை நம்பினார்.

"பாத்தியா கண்ணு, அமெரிக்காக்காரனுக்கே நம்மளத் தெரிஞ்சிருக்குது."

அப்பேர்ப்பட்ட வண்டி எங்கள் ஊரில் பஞ்சு ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் தவம் கிடந்தது. முந்தலாம் என்றால் இன்னொரு வம்பு. ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் லாரி போனால், ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. முதலாளியோ டிரைவர் வைக்காமல் தானே ஓட்டுவார். எனவே வலப்பக்கத்து சீட்டில் ஒருவன் உட்கார்ந்து, பெட்ரோல் வாசனைக்கு நடுவே கதவைக் கெட்டியாகப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, போகலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். கணக்கு நோட்டை மூடிவிட்டு நான் வலக்கண் ஆனேன்.

அதில் ஒரு லாபமும் இருந்தது. அவிநாசியில் எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா தேர் வீதியில் என்னை அந்த சீட்டில் பார்த்துவிட்டார். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன்தானே காரை ஓட்டுகிறவன்? கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார். ஆக, வேலை போனால் சீட்டு போகும், சீட்டு போனால் கல்யாணமும் போகும்.

ஒருநாள் அவிநாசி ரோட்டில் முன்னால் ஒரு பஞ்சு லாரி.

"போலாமா கண்ணு?"

கழுத்தை நீட்டினேன். எதிரே ஒரு பஸ், ஊரையே அள்ளிக்கொண்டு வருகிற வேகத்தில். கத்த வாயெடுத்தேன். ஆனால் வளர்ப்பு விடுமா? முதலாளியிடம் எடுத்த எடுப்பில் மறுத்துப் பேசலாமா?

"மொதலாளிங்க, தப்பா நெனைக்கலீன்னா ஒண்ணு சொல்றனுங்க, எதுத்தாப்புல பாத்தீங்கன்னா..."

இவ்வளவு மரியாதையாகத் தொடங்குகிறவன் நல்ல சேதிதான் சொல்வான் என்று அவர் மிதித்துவிட்டார். எட்டு சிலிண்டருக்கும் திடீரென்று பிறந்த ஊர் ஞாபகம் வந்தது. கார் பாய்ந்தது. பஸ் டிரைவரின் மீசை தெரிந்தது.

"டேய்! நில்றா! கொன்னுபோடுவியாட்டிருக்குது!"

என் குரல்தான். கார் கிறீச்சிட்டு லாரிக்குப் பின்னால் பதுங்கியது. பஸ் உரசாத குறையாகப் போனது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். உயிர் தப்பிய சந்தோஷம் எனக்கு ஒரு நொடிதான். அப்புறம் கல்யாணப் பந்தலைப் பிரிக்கிற சத்தம் காதில் கேட்டது.

"இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லீங்க மொதலாளி."

"டேய்னு சொன்னியே."

"வாய் தவறிருச்சுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அட, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நீ மரியாத குடுத்து முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். இந்தக் காருக்குள்ள எனக்கு மரியாத வேண்டாம், உசுரு போதும். எறங்குனதுக்கப்பறம் குடு, வாங்கிக்கறேன்."

அன்றிலிருந்து அந்த இரண்டு கதவுக்குள் நான் ராஜா. "மெதுவாப் போடா", "ஹாரன் அடிச்சுத் தொலைடா" என்று தேவைக்கு மேலேயே விரட்டினேன். இறங்கியதும் இடுப்பில் துண்டைக் கட்டாத குறையாக, "வாங்க மொதலாளி." நான் "ஓரங்கட்டுடா" என்றதை ஒருமுறை மாமனாராகப் போகிறவர் கேட்டுவிட்டார். நான் ஓட்டவில்லை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் முதலாளியையே அதட்டுகிற மருமகன் என்று அவிநாசி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணம் தடபுடலாக நடந்தது.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. இம்பாலா கம்பெனிக்குப் பின்னால் ஷெட்டில் நின்றது. டிக்கியில் பனியன் பண்டல், பின் சீட்டில் பூனைக் குட்டிகள். கடைசியில் பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்து கயிறு கட்டினார். கேட் வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். முதலாளி யாரையும் விடாமல் தானே ஏறி உட்கார்ந்தார். பழக்க தோஷம், நானும் வலப்பக்கம் ஏறினேன்.

கேட்டருகே கேட்டார். "போலாமா கண்ணு?"

கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது.

"வேண்டாம்டா."

"ஏன், என்ன வருது?"

"ஒண்ணும் வர்ல. நில்றா கொஞ்சம்."

பிரேக்கை மிதித்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் இருந்தோம்.

அப்புறம் இறங்கினோம். "டீ சொல்லட்டுங்களா மொதலாளி?" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது அவிநாசி ரோட்டில் நடுவே சுவர் வைத்துவிட்டார்கள். எதிரே வருவதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதலாளியும் இல்லை. கார் போன பிறகு, அவர் இருந்த காலம் முழுக்க நான் மரியாதையாகத்தான் கூப்பிட்டேன்.