கண்ணாடித் தட்டிக்கு அந்தப் பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால், முதலில் வீட்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்கிறவன் நான். ஜெர்மனியில் ஒன்பது வருடம், பிறகு லண்டனில், எலக்ட்ரீஷியன் வேலை. தானாக அணைந்து எரிகிற விளக்கு எத்தனையோ பார்த்துவிட்டேன், எல்லாம் லூஸ் கனெக்ஷன்தான். நீங்கள் சிரிக்கத் தயாராவது தெரிகிறது. சிரியுங்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

2009 செப்டம்பர். என் தம்பி சுதாகரனைப் பற்றி மே மாதத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. வன்னியில் போரின் கடைசி நாட்களின் சனநெரிசலில் அவன் மனைவி வதனியின் கையிலிருந்து அவன் கை விடுபட்டது என்பது மட்டும்தான் தெரியும். அவள் வவுனியா முகாமிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "அத்தான், ஏதும் அறிஞ்சனீங்களோ?" ஒரே கேள்விதான். "படகேறித் தப்பியிருப்பான், ஒருநாள் வந்து நிப்பான்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஆறுதலாக என்று நினைக்காதீர்கள், எனக்குத்தான் அது தேவைப்பட்டது. வீட்டுக்குப் பக்கத்துக் குட்மேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் நின்றால் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன், அவ்வளவு ஆசை.

அப்போதுதான் லண்டன் எல்லையோரம், வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பழைய பப்பில் வேலை வந்தது. உள்ளே எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தியது, அரசாங்கப் பாதுகாப்பில் இருப்பது, மரத்தில் ஒரு ஆணி அடிக்க ஏலாது. பழைய காஸ் விளக்குக் குழாய்க்குள்ளால்தான் வயரை இழுக்க வேண்டும். பார் மேசைக்கு மேலே, முகத்தின் உயரத்துக்கு, பூவேலை செய்த மங்கல் கண்ணாடித் தட்டிகள் வரிசையாக இருந்தன. குடிக்க வருகிற பெரிய மனிதர்களின் முகம் ஊற்றிக் கொடுப்பவனுக்குத் தெரியக்கூடாதாம், அதற்காக. கீழ் இடைவெளியில் கை மட்டும் தெரியும். விரலால் தள்ளினால் தட்டி சுழலும். "தயவு செய்து இதைத் தொடாதே, உடைந்தால் வேறு கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, உரிமையாளர் பெண் வாசல் கதவைத் தாழிட்டு மாடிக்குப் போனாள். பின்னேரம் மூன்று மணி, நல்ல வெயில்.

நான் பாருக்கு உள்பக்கம் நின்று வயரை இழுத்துக்கொண்டிருந்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கிளாஸ் மேசையில் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை எடுத்தது. சின்ன விரல் வெளிப்பக்கம் வளைந்த கை. சைக்கிள் சங்கிலியில் அகப்பட்டு முறிந்த தம்பியின் விரல் அப்படி வளைந்துதான் பொருந்தியிருந்தது. நம்பினால் நம்புங்கள், கண்ணாடியில் நிழல் விழுந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கிளாஸை உயரத் தூக்கி, வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிற நிழல். இங்கிலாந்துப் பப்பில் எவன் அப்படிக் குடிப்பான்?

"தம்பி, நீயோ?" என்றேன்.

"ஓம் அண்ணை."

ஒரு விரல் போதும், தள்ளியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். ஆனால் நான் அகதியாக வந்தவன். தொடாதே என்றால் தொடமாட்டேன், நில் என்றால் நிற்பேன், இருபது வருடப் பழக்கம். தட்டியை விட்டுவிட்டு, பின் வழியால் சுற்றி ஓடினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவு தாழிட்டபடியே இருந்தது. கிளாஸ் வெறுமையாக இருந்தது, விளிம்பில் ஈரமே இல்லை. அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நான் குழந்தை மாதிரி அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்குக்கூட. ஞாயிறு வதனி போன் எடுத்தபோது, "தம்பியைக் கனவில கண்டனான்" என்று மட்டும் சொன்னேன்.

"தண்ணி குடிச்சவரோ அத்தான்?" என்றாள் அவள்.

"ஓம், குடிச்சவன்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஏதும் அறிந்தீர்களா என்று கேட்டதே இல்லை. பொட்டு மட்டும் இன்றும் வைக்கிறாள். ஏன் தண்ணீரைக் கேட்டாய் என்று நானும் இன்றுவரை அவளைக் கேட்கவில்லை. கேட்டால், அவன் கை எப்படி விடுபட்டது என்பதைச் சொல்லிவிடுவாள்.